தாழ்வாரத்தில் ஒரு புல்லட்

"மோட்டார் சைக்கிளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! அப்பாவோ மாமனாரோ ஓட்டிய பழைய புல்லட் ஒன்று உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் நிற்கலாம். எங்கள் வீட்டில் நிற்கிறது.

ராயல் என்பீல்டு புல்லட்டுக்கு இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச் பிறந்த வீடு. 1955-ல் சென்னைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது. பின்னாளில் பிறந்த வீட்டில் உற்பத்தி நின்றுபோயிற்று. புகுந்த வீட்டிலோ இன்றும் வம்சம் தழைக்கிறது!

என் கணவர் காலமான பிறகு மூன்று வருஷம் நான் அந்த வண்டியின் பக்கமே போகவில்லை. பார்த்தால் அழுகை வரும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறை போட்டு இறுகக் கட்டிவிட்டேன். பையன் வந்து பிரித்தபோது பளபளவென்றிருந்த பாகமெல்லாம் ஒரே துரு! உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியில்லை. "ஊறுகாய் ஜாடியைக் கட்டுகிற மாதிரி கட்டிவிட்டீர்களே, அம்மா!" என்றார் மெக்கானிக். அன்பு மட்டும் இருந்தால் போதாது என்று அன்றுதான் தெரிந்தது.

அவரிடம் கற்றதைச் சொல்கிறேன். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால், முதலில் எஞ்சின் எண்ணெயை மாற்றிவிடுங்கள். பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலம் உலோகத்தை அரிக்கும். இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து, டாங்கினுள் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குலுக்கி வையுங்கள். பாட்டரியைக் கழற்றி மாதம் ஒரு முறை சார்ஜ் செய்யுங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைலன்ஸர் வாயைத் துணியால் அடையுங்கள். இல்லாவிட்டால் எலி குடித்தனம் வந்துவிடும்! மேலே போர்த்தப் பழைய நூல் புடவையே போதும்.

'வாரம் ஒரு தரம் இரண்டு நிமிஷம் ஓடவிடு' என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறாவிட்டால் சைலன்ஸருக்குள் நீர் தங்கித் துருப்பிடிக்கும். எடுத்தால் அரை மணியாவது ஓட்டவேண்டும்.

காகிதங்களையும் கவனியுங்கள். உரிமையாளர் காலமானால் 30 நாளைக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் தவறவிட்டு அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பையன் மாற்றி மாற்றி மிதித்துத் திண்டாடினான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் அந்தப் பழைய 'டப் டப்' சத்தம் கேட்டது. அடுப்படியில் இருந்த நான் ஒன்றும் யோசிக்கவில்லை. என் கை தானாகவே காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தது.