கறளும் கொதிநீரும்

துவக்கு என்ற சொல்லே நம் இல்லங்களில் உவப்பானதன்று. அதனைக் காசு கொடுத்து வாங்கி, எண்ணெயிட்டுப் பேணுவோரும் உலகில் உளரா என்று வாசகர் வியக்கலாம். உளர். ஐக்கிய அமெரிக்காவிலே, படைகள் கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்போர் மிகப் பலர். ஒவ்வொரு வேட்டுக்கும் கைப்பிடியை உயர்த்திப் பின்னே இழுத்து, மீண்டும் முன்னே தள்ளவேண்டிய வகையைச் சேர்ந்தவை அவை.

அவற்றுள் பெயர் பெற்றது ருஷ்யாவின் மோசின்-நாகந்து. 1891ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட இத்துப்பாக்கி உலக யுத்தங்கள் இரண்டையும் கண்டது. துலா, இஷெவ்ஸ்க் ஆலைகளின் முத்திரையையும் செய்த ஆண்டையும் அதன் குழலிற் காணலாம். பின்லாந்துப் படையின் கைக்கு மாறியவற்றிலோ, சிறு கட்டத்துள் 'எஸ்.ஏ.' என்ற எழுத்துக்கள் இருக்கும். மரப்பிடியை மினுக்கும் ஆசையால் அரத்தாள் கொண்டு தேய்த்து, அதிலுள்ள முத்திரைகளை அழித்துவிடுவோரும் உண்டு. சரித்திரத்தைத் தேய்த்தெறிந்துவிட்டுப் பளபளப்பை வைத்துக்கொள்வதில் என்ன இலாபமோ, நாமறியோம்!

நெடுங்காலம் களஞ்சியத்திற் கிடப்பதற்கென இவற்றுக்குத் தடித்த கிறீசு பூசியிருப்பர். மண்ணெண்ணெயும் பொறுமையும் இருந்தால் அது நீங்கிவிடும். ஆனால், ஐம்பது ஆண்டு கிறீசுக்குள் கெடாதிருந்த குழல், ஒருநாள் சுட்டபின் சில தினங்களிலேயே பழுதாகிவிடுவதுண்டு. உடையவர் சோம்பேறியுமல்லர், அன்று மாலையே எண்ணெய்த் துணியாற் துடைத்து வைத்தவர்தாம். பின் எவ்வாறு கறள் ஏறிற்று?

குற்றவாளி தோட்டாவின் அடியிலே இருக்கின்றான். அங்குள்ள சிறு உலோகத் தொப்பியை ஊசி குத்தும்போதே வெடிமருந்து தீப்பற்றுகின்றது. பழைய படைத் தோட்டாக்களில் அத்தொப்பிக்குள் பொற்றாசியங் குளோரேற்று சேர்ப்பது வழக்கம். அது எரியுங்கால் ஒட்சிசனைக் கொடுத்துவிட்டுப் பொற்றாசியங் குளோரைட்டாக எஞ்சுகின்றது. இது நமது கறியுப்புக்கு நெருங்கிய உறவு. மாரிகாலத்தில் உப்புச் சாடி கசிவதை இல்லத்தரசிகள் அறிவர். அதுபோலவே குழலினுள் படிந்த உப்பும் காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கின்றது. எண்ணெயில் இவ்வுப்புக் கரையாது. அதன்மேல் எண்ணெய் பூசுவது, ஊத்தைச் சுவருக்கு வெள்ளையடிப்பதை ஒக்கும்.

நீரே மருந்து! கறளுக்கு அஞ்சுவோர் நீருக்கும் அஞ்சுவர். இங்கோ அந்த அச்சமே கேடாகின்றது. பிரித்தானியப் படையினர் தம் லீ-என்பீல்டுத் துப்பாக்கிகளைக் கழுவுதற்கென்றே ஒரு புனலை வைத்திருந்தனர். அதனைக் குழலின் பின்வாயிற் பொருத்திக் கேத்திலிலிருந்து கொதிநீரை வார்ப்பர். உப்புக் கரைந்தோடும், சூடேறிய இரும்பு தானே விரைவில் உலரும். அதன் பின்னர் உலர்ந்த துணி, அதற்கும் பின்னரே எண்ணெய். இந்த ஒழுங்கு மாறலாகாது. சுட்ட அன்றே கழுவிவிடுதல் வேண்டும். மறுநாள் என்று ஒத்திப்போடுவோர் வருந்துவர்.

குழலை மட்டுங் கழுவி ஓய்ந்துவிடுவதும் தவறு. தோட்டாவின் அடியைத் தாங்கும் பூட்டின் முகத்திலும், ஊசி வெளிப்படும் சிறு துளையிலும் அதே உப்புப் படிந்திருக்கும்.