பெண் இஞ்சினீயர்களுக்கு மெடல் மட்டும் போதுமா?

இஞ்சினீயரிங் காலேஜுகளில் வாசிக்கும் பெண்களுக்கென்று ஏற்பட்டிருக்கும் சங்கங்களில் மாணவிகளுக்குத் தலைமைப் பதவிகளும், பாராட்டு மெடல்களும், உபகாரச் சம்பளங்களும் கொடுக்கப்பட்டு வருகின்றன. இதைப் பற்றிச் சிலர் ஏளனமாய்ப் பேசுகிறார்கள். "ஆணும் பெண்ணும் ஒரே பரீட்சை எழுதுகிறார்களே, பெண்ணுக்குத் தனிச் சங்கம் எதற்கு? தனி மெடல் எதற்கு? படிக்கப் போன பிள்ளைக்குத் தலைவர் உத்தியோகம் எதற்கு?" என்பது அவர்கள் கேள்வி. வேறு சிலரோ, ஒரு மெடலைக் கொடுத்து ஒரு போட்டோவும் பிடித்துப் போட்டுவிட்டால் பெண்களுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாய்விட்டது என்று கருதுகிறார்கள்.

இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் சேர்த்தே நாம் பதில் சொல்ல விரும்புகிறோம். நமது அபிப்பிராயம் சுருக்கமானது. பிறர் பார்த்துப் போடும் பாராட்டு பிச்சை. தங்கள் சங்கத்தைத் தாங்களே நடத்தும் பெண்கள், தங்களில் ஒருவருடைய வேலையை அளந்து பார்த்துக் கொடுக்கும் பாராட்டுத்தான் மரியாதை. ஆகவே மாணவிகள் மெடலை மாத்திரம் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், அதைக் கொடுக்கும் நாற்காலியிலும் உட்கார வேண்டும் என்கிறோம்.

தனிச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்கள், பொதுச் சங்கங்கள் பெண்களை நடத்தின யோக்கியதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்விதப் பெண்கள் சங்கங்களில் பெரியதும் பேர் பெற்றதும் அமெரிக்காவில் இருப்பதால், அந்த நாட்டுச் சங்கதியையே எடுத்துக்கொள்வோம்.

நோரா ஸ்டாண்டன் பிளாட்ச் என்னும் அம்மையார் 1905-ஆம் வருஷம் கார்னெல் சர்வகலாசாலையில் சிவில் இஞ்சினீயரிங் பட்டம் பெற்றார். அமெரிக்க சிவில் இஞ்சினீயர்கள் சங்கம் அவரை இளைய அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. அதற்கு மேற்பட்ட அங்கத்தினராக உயர்த்தும்படி கேட்டபோது மறுத்துவிட்டது. 1916-இல் அந்த அம்மையார் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டும் கைவிட்டது. கடைசியில் அவருக்குரிய மரியாதை எப்போது வந்தது? 2015-ஆம் வருஷத்தில்! அவர் இறந்ததோ 1971-இல். உயிரோடிருந்தபோது தண்ணீர் கொடாதவர்கள் செத்தபின் திவசம் செய்வது நமது நாட்டு வழக்கம் மாத்திரம் என்று நாம் எண்ணியிருந்தால், அது வெள்ளைக்காரன் நாட்டிலும் உண்டு என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதியைக் கேளுங்கள். டவ் பீட்டா பை என்று ஒரு சங்கம் அந்நாட்டில் உண்டு. இஞ்சினீயரிங் வாசிப்பில் முதல் வரிசையில் நிற்கும் மாணவர்களைச் சேர்த்துக் கௌரவப்படுத்துவது அதன் வேலை. ஆண்களைவிட அதிக மார்க்கு வாங்கின பெண்கள் வந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? அவர்களுக்கென்று "பெண்கள் வில்லை" ஒன்று செய்து குத்திவிட்டார்கள். வில்லை உண்டு. அங்கத்தினர் பதவி இல்லை. 1969-இல்தான் பெண்கள் அச்சங்கத்தில் சரிசமமான அங்கத்தினராக முடிந்தது. பந்தியில் சேர்த்து உட்கார வைக்காமல், திண்ணையில் இலை போட்டுப் பாயசம் மாத்திரம் ஊற்றினால் அதற்கு மரியாதை என்றா பெயர்? "பாயசந்தான் கொடுத்தோமே, இன்னும் என்ன குறை?" என்று கேட்பவனுக்கு என்ன பதில் சொல்லுவோமோ, அதையேதான் மெடல் கொடுத்துவிட்டோமே என்பவர்களுக்கும் சொல்லுகிறோம்.

நிற்க, இந்த நிலைமையை மாற்றியவர்கள் யார்? பெரிய மனிதர்களா? தயாளப் பிரபுக்களா? அல்ல. காலேஜில் வாசித்துக்கொண்டிருந்த பெண்களே இதை ஆரம்பித்தார்கள்.

1919-இல் கொலராடோ சர்வகலாசாலையில் எல்சி ஈவ்ஸ், ஹில்டா கவுண்ட்ஸ் முதலிய மாணவிகள் பெண் இஞ்சினீயர்களுக்கும் கட்டிடக் கலைஞர்களுக்கும் ஒரு சங்கம் காண முயன்றார்கள். உங்கள் காலேஜில் பெண்கள் இஞ்சினீயரிங் வாசிக்கிறார்களா என்று ஊரூராய்க் காகிதம் எழுதினார்கள். அப்படி ஒருத்தியும் எங்களிடம் இல்லை, இனி வரப் போவதும் இல்லை என்கிற தோரணையில் சில காலேஜுகள் பதில் எழுதின. அந்தச் சங்கம் நிலைக்கவில்லை. ஆனால் எல்சி ஈவ்ஸ் சும்மா இருக்கவில்லை. நோரா பிளாட்சுக்குக் கதவை அடைத்த அதே சிவில் இஞ்சினீயர்கள் சங்கத்தில் 1927-இல் அங்கத்தினரானார்.

அதே 1919-இல் இங்கிலாந்தில் வேறு விதமான அநியாயம் நடந்தது. யுத்தத்தின்போது பட்டறைகளில் பீரங்கிக் குண்டு செய்யவும் இயந்திரம் ஓட்டவும் பெண்கள் வேண்டியிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும், பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவதென்று சட்டம் செய்து அவர்களை வெளியே அனுப்பினார்கள். அவ்வருஷம் ஜூன் 23-இல் ஏழு பெண்கள் சேர்ந்து லண்டனில் பெண்கள் இஞ்சினீயரிங் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். அதன் முதல் காரியதரிசி கரோலின் ஹாஸ்லெட். அந்த ஜூன் 23-ஆம் தேதியைத்தான் இப்போது உலகமெங்கும் பெண் இஞ்சினீயர்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அமெரிக்காவில் மறுபடியும் மாணவிகள் எழும்பினார்கள். 1949-இல் பிலடெல்பியாவில் உள்ள டிரெக்ஸல் காலேஜ் மாணவிகள் ஒரு மகாநாடு கூட்டினார்கள். பல காலேஜுகளிலிருந்து இஞ்சினீயரிங் வாசிக்கும் பெண்கள் வந்தார்கள். மறு வருஷம், 1950 மே மாதத்தில், நியூஜெர்சியில் பெண் இஞ்சினீயர்கள் சங்கம் முறைப்படி ஸ்தாபிக்கப்பட்டது. பியாட்ரிஸ் ஹிக்ஸ் முதல் தலைவர். 1952-இல் அச்சங்கம் தனது முதல் சாதனை விருதை மரியா டெல்கெஸ் அம்மையாருக்குக் கொடுத்தது. சூரிய வெப்பத்தைச் சேமித்து வைத்து அதைக் கொண்டே குளிர்காலத்தில் ஒரு வீட்டைச் சூடாக்கும் ஏற்பாட்டை 1948-இல் செய்து காட்டியவர் அவர். பாருங்கள்! சங்கம் கண்ட இரண்டே வருஷத்தில், இன்னார் யோக்கியதை உள்ளவர் என்று சொல்லும் அதிகாரத்தைப் பெண்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். இதுதான் நாம் சொல்ல வந்த விஷயம்.

இச்சங்கத்தில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண் இவான் கிளார்க். அவர் 1951-இல் ஹோவார்ட் சர்வகலாசாலையில் மெக்கானிக்கல் இஞ்சினீயரிங்கில் தேறினார். அங்கு அதில் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். ஆயினும் ஆண் மாணவர்களோடு வரிசையில் நடந்து போய் அதைப் பெற அவருக்கு இடங்கொடுக்கவில்லை. தனியறையில் வைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். 1957-இல் சங்கத்தின் மகாநாடு ஹூஸ்டன் நகரத்தில் கூடினபோது, ஹோட்டல்காரர்களின் நிறபேதம் அவர் மற்றவர்களோடு சமமாய்த் தங்கக் குறுக்கே நின்றது. பெண்ணாய்ப் பிறந்ததற்கு ஒரு தடை, நிறத்திற்கு ஒரு தடை. நமது நாட்டில் சேரியிலிருந்து காலேஜுக்கு வரும் பெண்ணுக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த அம்மையார் பின்னர் வெகுகாலம் இஞ்சினீயரிங் போதித்தார். 1998-இல் சிறந்த ஆசிரியர் என்று அதே சங்கம் அவரைப் பாராட்டியது. அறைக்குள் ஒளித்துக் கொடுத்த காகிதத்திற்கும், சபையில் வைத்துக் கொடுத்த பாராட்டிற்கும் உள்ள வித்தியாசம் இப்போதாவது விளங்குகிறதா?

நமது நாட்டுச் சங்கதியும் இதோடு சேர்ந்ததுதான். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, ஆண்களைப் போலவே பெண்களும் எந்தத் தொழிலையும் செய்ய உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அப்போது சிரித்தவர்கள் அநேகர். ஆனால் 1940-இல் கிண்டி இஞ்சினீயரிங் காலேஜில் மூன்று பெண்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான லலிதா, 15 வயதில் கலியாணமாகி 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையானவர். சாஸ்திரம் அவருக்கு விதித்திருந்தது மூலையும் முக்காடும். அவரோ எலெக்ட்ரிகல் இஞ்சினீயரிங்கை எடுத்துக்கொண்டார். பட்டத்தாளில் ஆண்பாலாய் அச்சடித்திருந்த எழுத்தை அடித்துவிட்டுப் பெண்பாலாய்த் திருத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது! பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணையின் மின்சாரக் கம்பி வழி வேலையில் பங்குகொண்டார். 1964-இல் அமெரிக்கப் பெண்கள் சங்கம் நியூயார்க்கில் கூட்டிய முதலாவது சர்வதேசப் பெண் இஞ்சினீயர்கள், விஞ்ஞானிகள் மகாநாட்டிற்குப் போனார். அடுத்த வருஷம் லண்டன் பெண்கள் சங்கத்தில் அங்கத்தினரானார். அவரோடு கிண்டியில் வாசித்த தெரசியா அம்மையார் 1971-இல் கேரள மராமத்து இலாகாவின் தலைமை இஞ்சினீயராகவே ஆனார்.

சரஸ்வதி பெண், அவளே கல்விக்கு அதிபதி என்று சொல்லி, ஆயுத பூஜையன்று லேத்துக்கும் மோட்டாருக்கும் சந்தனம் தடவிப் பொரிகடலை வைக்கிறோமே, அந்த லேத்தை ஒரு மனுஷி தொட்டு ஓட்ட 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் என்ன என்று எந்தப் பூசாரியாவது சொல்லுவானா?

இனி, தலைமைப் பதவி எதற்கு என்ற கேள்வி. காலேஜுக் கிளைகளில் மாணவிகளே தலைவர், உபதலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் என்று பொறுப்பேற்கிறார்கள். கூட்டம் கூட்டுகிறார்கள், வரவு செலவு எழுதுகிறார்கள், தொழிற்சாலை இஞ்சினீயர்களை அழைத்துப் பேசச் செய்கிறார்கள், சின்னப் பள்ளிப் பெண்களுக்கு இயந்திரங்களைக் காட்டுகிறார்கள். இதெல்லாம் விளையாட்டல்ல. நாளைக்கு இதே பெண் அணை கட்டும் இடத்தில் நிற்பாள். கலவையில் தண்ணீர் கூடிவிட்டால் கான்கிரீட் பலம் குறையும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் மீசை நரைத்த மேஸ்திரியையும் அவசரப்படும் காண்டிராக்டரையும் பார்த்து, "நிறுத்துங்கள், இந்தக் கலவை உதவாது" என்று சொல்லும் குரல் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அந்தக் குரல் நாலு பேர் முன் நின்று பேசி, எதிர்த்துப் பேசுவோருக்குப் பதில் சொல்லி, ஓட்டில் ஜெயித்தும் தோற்றும் பழகினால்தான் வரும்.

"1944-இல் சேலம் மகாநாட்டில் சர்க்கார் கொடுத்த பட்டங்களையெல்லாம் விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்த இயக்கத்தார், இப்போது பெண்களுக்குப் பட்டமும் மெடலும் கேட்கலாமா?" என்று சில தோழர்கள் நம்மைக் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ராவ்பகதூர் பட்டம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? கலெக்டர் துரைக்குச் சலாம் போட்டதற்காக. அதை வாங்கினவன் வாயைத் திறக்க முடியாது. கூட வேலை செய்கிறவர்கள், இன்ன வேலையை இன்னார் செய்தார் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது அப்படிப்பட்டதல்ல. அது ஒரு பெண்ணின் வாயைத் திறக்கிறது, உத்தியோகத்திற்குப் போகும்போது கையில் ருஜுவாக நிற்கிறது. அடிமைத்தனத்திற்குக் கூலியாக வரும் பட்டத்தைத்தான் நாம் வேண்டாமென்றோம்.

ஆனால் சங்கத்தின் பேரைச் சொல்லி நடக்கும் ஏமாற்றத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. நமது ஊர் விழாக்களில் பெண்களுக்குக் கொடுக்கப்படும் "பொறுப்பு" என்ன? பன்னீர் தெளிப்பது, கடவுள் வாழ்த்துப் பாடுவது, ஆண்கள் கொடுக்கும் மாலையைத் தட்டில் ஏந்தி நிற்பது. மாணவிதான் தலைவர் என்று நோட்டீசில் அச்சடித்துவிட்டு, எல்லாவற்றையும் பின்னாலிருந்து ஓர் ஆசிரியர் நடத்தினால் அது தலைமையாகாது. ஆகவே உங்கள் பெண்ணுக்குப் பதவி கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவளைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? பணத்திற்குக் கணக்கு யார் கையில்? கடிதத்தில் கையெழுத்து யாருடையது? மூன்றிற்கும் மாணவிகள் என்று பதில் வந்தால்தான் அது பதவி.

மெடலுக்கும் இதே பரீட்சைதான். எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பது முன்னதாகவே எழுதி எல்லோருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். கொடுப்பவர்களில் பெண்கள் இருக்க வேண்டும். சந்தா கட்டவும் மகாநாட்டிற்கு ரயில் ஏறவும் முடிந்த பெண்களுக்கே எல்லாம் போய்ச் சேர்ந்தால், பழைய மேல்ஜாதிக் கதைதான் புது உடுப்பில் வருகிறது என்று அர்த்தம். குடும்பத்தில் முதல் முதலாய்ப் படிக்க வந்த கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு வழிச்செலவு கொடுக்காத சங்கம், சமத்துவம் என்ற வார்த்தையைத் தன் நோட்டீசில் போட யோக்கியதையற்றதாகும்.

இத்தனை முயற்சிக்குப் பிறகும் அமெரிக்காவில் இஞ்சினீயர் வேலையில் இருப்பவர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே இச்சங்கங்களின் வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் பாத்தியதை இல்லை. இந்தியாவிலும் அந்தச் சங்கத்தின் கிளைகள் ஏற்பட்டிருக்கின்றன.

பெற்றோர்களே! காலேஜில் கூட்டம் முடிந்து உங்கள் மகள் ஒரு மணி நேரம் தாமதித்து வந்தால் வாசலில் நின்று அதட்டாதீர்கள். மகன் அப்படி வந்தால் ஊர்க்காரியம் பார்க்கிறான் என்று பெருமைப்படுகிறீர்கள் அல்லவா? அந்தப் பெருமையில் பாதியை மகளுக்கும் கொடுங்கள். மாணவிகளே! தட்டை ஏந்தச் சொன்னால் ஏந்தாதீர்கள். அடுத்த தேர்தலில் காரியதரிசி பதவிக்கு நில்லுங்கள், தோற்றால் மறு வருஷமும் நில்லுங்கள். உங்களில் யாருக்கு மெடல் கொடுப்பது என்று நீங்களே கூடித் தீர்மானிக்கும் நாளைச் சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.