ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

பி.காம். படிக்கிறேன் என்றாலே ஊரில் என்னைப் பாதி பேங்க் மேனேஜராகத்தான் பார்க்கிறார்கள். ஏடிஎம்மில் கார்டு மாட்டிக்கொண்டாலும் என்னிடம்தான் வருவார்கள், பான் கார்டில் பெயர் தப்பாக வந்தாலும் என்னிடம்தான். அப்படிப்பட்ட என் வீட்டிலேயே ஒரு போலி மெயில் புகுந்து விளையாடிவிட்டது!

எங்கள் ஊர் கவுஞ்சி. கொடைக்கானலில் இருந்து பூம்பாறை தாண்டி, மன்னவனூர் பக்கம். பூண்டும் உருளையும் கேரட்டும்தான் பிழைப்பு. என் சித்தப்பா அதோடு, சுற்றுலா வருகிறவர்களுக்கு இரண்டு அறைகள் வாடகைக்கு விடுகிறார். புக்கிங் எல்லாம் மெயிலில். மே மாத சீசனில் அவருக்கு ஒரு மெயில் வந்தது. "உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது. 24 மணி நேரத்தில் சரிபார்க்காவிட்டால் கணக்கு மூடப்படும்." மெயில் சேவை தரும் நிறுவனத்தின் சின்னம், நிறம் எல்லாம் அச்சு அசல். சீசனில் மெயில் நின்றால் பிழைப்பு என்ன ஆவது? அழுத்தினார், பாஸ்வேர்டு கொடுத்தார்.

இரண்டு நாளில், அவர் முகவரியில் இருந்தே புக்கிங் செய்தவர்களுக்கு மெயில் போனது. மீதிப் பணத்தை வேறொரு கணக்கில் போடச் சொல்லி. ஒரு குடும்பம் 8,000 ரூபாய் போட்டுவிட்டது.

இதில் என்னைச் சுட்டது பணம் அல்ல. விஷயம் தெரிந்தும் சித்தப்பா நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. "ஏன் சித்தப்பா என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "நீதானேப்பா தீபாவளிக்கு வந்தப்ப, இந்தக் காலத்துலயும் இதுல போய் ஏமாறுவாங்களான்னு சிரிச்ச" என்றார். என்னிடம் பதில் இல்லை.

என்னைக் கேட்டால், ஃபிஷிங் திருடனுக்குப் பெரிய கூட்டாளி நம்முடைய இந்தச் சிரிப்புதான். ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்கு லாபம்.

இந்தத் தந்திரம் புதிதும் அல்ல. 1990-களிலேயே அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் ஊழியர் போல நடித்து, "கணக்கைச் சரிபார்க்க வேண்டும்" என்று பாஸ்வேர்டு கறந்தார்கள். ஃபிஷிங் என்ற பெயரே அந்த நாளில் வந்ததுதான்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்பதும் பொய். அபுதாபியில் வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் ஒருவருக்கு 2007 செப்டம்பரில் ஐசிஐசிஐ வங்கி பெயரில் ஒரு மெயில் வந்தது. விவரம் கொடுத்தார். கணக்கில் இருந்து 6.46 லட்சம் ரூபாய் போனது. பாஸ்வேர்டைக் கொடுத்தது அவருடைய கவனக்குறைவு என்றது வங்கி. அவர் வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தமிழக அரசின் தீர்ப்பு அதிகாரியிடம் போனார். 2010 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. வங்கி உரிய கவனம் எடுத்ததாக நிரூபிக்கவில்லை, 12.85 லட்சம் தரவேண்டும் என்று. வங்கி அப்பீலுக்குப் போனது வேறு கதை. ஆனால் "ஏமாந்தவன்தான் குற்றவாளி" என்ற வாதம் அங்கே எடுபடவில்லை, அதுதான் முக்கியம்.

இன்னொன்று. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை ஏற்படும் நஷ்டம் அவருடையது, புகார் செய்த பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியுடையது என்றது. அதாவது, வாயைத் திறக்கும் நொடிதான் கோடு. வெட்கத்துக்கு ரூபாயில் விலை உண்டு என்பதை காமர்ஸ் மாணவனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்துப்பிழையை நம்பாதீர்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு நல்ல தமிழிலேயே எழுதிக் கொடுக்கிறது. பூட்டுச் சின்னத்தையும் நம்பாதீர்கள், திருடனும் பூட்டு வாங்கலாம். இணைப்பின் முகவரியைப் பாருங்கள். தபால் முகவரியில் ஊர் கடைசியில் வருவது போல, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருப்பதுதான் உண்மையான சொந்தக்காரர். முன்னால் எந்தப் பெரிய பெயரை ஒட்டினாலும் அது வெறும் அலங்காரம். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் "டாட் பேங்க் டாட் இன்" முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னதும் இதற்காகத்தான். அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். மெயிலில் உள்ள இணைப்பை விட்டுவிட்டு, நீங்களே முகவரியைத் தட்டி உள்ளே போய்ப் பாருங்கள்.

கொடுத்துவிட்டால்? பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாக் கருவிகளில் இருந்தும் வெளியேறுங்கள், இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். மெயில் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி அமைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சித்தப்பா கணக்கில் அப்படித்தான் இருந்தது. பாஸ்வேர்டை மட்டும் மாற்றியிருந்தால் திருடன் தொடர்ந்து படித்துக்கொண்டே இருந்திருப்பான். பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும் 1930 எண்ணுக்கும் போன் செய்யுங்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள்.

சித்தப்பா கடைசியில் எல்லோருக்கும் சொன்னார். சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று, ஒவ்வொருவராகப் போன் போட்டார். இன்னும் இரண்டு பேர் பணம் அனுப்பத் தயாராக இருந்தார்கள், தப்பித்தார்கள். 8,000 போட்ட குடும்பத்துக்கு அறையைக் காசு வாங்காமல் கொடுத்தார். போகும்போது ஒரு கிலோ பூண்டும் :-)

உங்கள் வீட்டிலும் யாராவது தயங்கித் தயங்கி, "ஒரு மெயில் வந்துச்சு..." என்று ஆரம்பிக்கலாம். தயவுசெய்து சிரிக்காதீர்கள். முதலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள்.