சளி டப்பா தெரியாதவர்களா?

போன வாரம் என் மைத்துனருக்குக் காய்ச்சல், விடாத இருமல். ஃப்ளூவா கொரோனாவா என்று டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "குச்சியைக் கொடுங்க, மூக்குல நானே எடுத்துத் தந்துடறேன்" என்று ஒரு தனியார் லேபில் கேட்டதற்கு, கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்தாராம். "பேஷன்ட் எடுத்தா சரியா வராது சார்." வரிசையில் நின்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்களாம். எனக்கு எரிவது அந்தத் தலையாட்டலைக் கேட்டுத்தான்.

காசநோய்க்கு இந்த நாட்டில் எப்படிப் பார்க்கிறார்கள்? அரசு ஆஸ்பத்திரியில் சளி டப்பாவைக் கையில் கொடுத்து, "விடிஞ்சதும் நல்லா இருமி நெஞ்சுச் சளியை எடுத்துட்டு வாங்க" என்று அனுப்புகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி எடுத்து வந்த சளியை நம்பித்தான் மாதக்கணக்கில் மருந்து கொடுக்கிறார்கள். நெஞ்சின் அடியிலிருந்து சளியை வரவழைக்கத் தெரிந்தவளுக்கு, மூக்குக்குள் பஞ்சுக் குச்சியைச் சுழற்றத் தெரியாதாம்!

2020இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சுமார் 500 நோயாளிகளை வைத்தே பார்த்துவிட்டார்கள். மருத்துவப் பணியாளர் மூக்கின் ஆழத்தில் எடுத்த மாதிரி காட்டிய கொரோனா தொற்றில் 94 சதவீதத்தை, நோயாளி தானே முன்மூக்கில் எடுத்ததும் காட்டியது. 2021 மார்ச்சில் இங்கிலாந்தில் பதினோரு வயதுப் பிள்ளைகள் வாரம் இருமுறை வீட்டிலேயே குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அதே ஆண்டு மே மாதம் நம் ஐசிஎம்ஆரே புனே மைலேப் நிறுவனத்தின் 250 ரூபாய் வீட்டுக் கிட்டை அனுமதித்தது. நாக்பூர் நீரி நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே போய், உப்புநீரைக் கொப்பளித்துக் குழாயில் துப்பினாலே போதும் என்றது. கொப்பளிக்கவும் டெக்னீஷியன் வர வேண்டுமோ?

டெக்னீஷியன் கை மட்டும் தவறவே தவறாதாக்கும். கொரோனா முகாம்களில் தொண்டையைத் தொட்டும் தொடாமலும் குச்சியை உருவி, "அடுத்த ஆள்" என்றவர்களை நாமெல்லாம் பார்த்தவர்கள்தானே. அவர்களைவிட என் சளி டப்பாக் கிழவி கவனமானவள், நோய் அவளுடையது.

வீட்டுக்கே வந்து எடுக்கிறோம் என்பார்கள் லேப்காரர்கள். அதற்குத் தனிக் கட்டணம். காசில்லாதவர் நேரில்தான் போயாக வேண்டும். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரையை, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். அந்த நேரத்தில் ஒரு பகலை டோக்கனோடு உட்கார்ந்து தொலைக்க வேண்டும், ஒரு கர்ப்பிணிக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கும் நடுவே இருமிக்கொண்டு.