முகாமுக்குக் கம்பளி போதும்

சாரணியர் முகாம் என்று அறிவிப்பு வந்தவுடன், எங்கள் வகுப்பில் சிலர் பெயர் கொடுக்கத் தயங்குகின்றனர். குளிருக்கு அஞ்சி அல்ல. கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலில் 'ஸ்லீப்பிங் பேக்' என்று இருப்பதே காரணம். அதை வாங்க எல்லா வீட்டிலும் வசதி இல்லை. கம்பளியோ, கொடைக்கானலில் இல்லாத வீடே இல்லை எனலாம்.

மார்கழி, தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி படியும் ஊர் இது. இந்தக் குளிருக்குக் கம்பளி தாங்குமா என்று பெற்றோர் கேட்கலாம். விரிக்கத் தெரிந்தால் தாங்கும். பலர் கம்பளி முழுவதையும் மேலே போர்த்திக்கொண்டு, அடியில் மெல்லிய ஜமுக்காளத்தோடு நடுங்குகிறார்கள். உடற்சூட்டை வாங்கிக்கொள்வது ஈர நிலமல்லவா? எனவே கீழே தார்ப்பாய், அதன்மேல் கம்பளியின் பாதி; மறுபாதியைப் போர்த்திக்கொள்ள வேண்டும். சுருண்ட ரோம இழைகளுக்கிடையே அடைபட்ட காற்றுதான் சூட்டைக் காக்கிறது. தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சிய பின்னும் கம்பளி தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. முகாம் தீயின் பொறி பட்டால் நைலான் உருகி ஓட்டையாகும். கம்பளி எளிதில் பற்றிக்கொள்ளாது.

கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். அரிக்கவும் செய்யும், உள்ளே பழைய பருத்திச் சேலை ஒன்றை வைத்தால் தீரும். (அம்மாவின் சேலை என்றால் உறக்கமும் நன்றாக வரும்!)

நம் மலையிலேயே மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே போய் ஆடுகளோடு படம் எடுத்துக்கொள்ளும் நாம், ரோமத்தின் அருமையை மட்டும் மறந்துவிடுகிறோம்.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் 'ஸ்லீப்பிங் பேக் அல்லது கனத்த கம்பளி' என்று எழுதும்படி அருட்சகோதரிகளையும் ஆசிரியைகளையும் வேண்டுகிறோம். இவ்வாண்டு பெயர் கொடுக்காத தோழியரும் அப்போது எங்களோடு வருவர்.