ரூபாயும் கிலோவும்

கூலிப் பேச்சுக்குப் போகிறவர் பையில் பக்கத்துக் கம்பெனியின் ஒப்பந்த நகல் ஒன்று இருக்கும். சங்கத்தார் பையில் கூடுதலாகக் கொடுத்த கம்பெனியின் நகல். நிர்வாகத்தார் பையில் குறைவாகக் கொடுத்த கம்பெனியின் நகல். இரண்டும் அசல்தான். எந்த நகலை முதலில் மேசைமேல் வைக்கிறோம் என்பதில் பாதிப் பேச்சு முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி, அந்த நகலில் எந்தப் பக்கத்தைத் திறக்கிறோம் என்பது. இந்த உரை அந்தப் பக்கத்தைப் பற்றியது.

ஓர் ஒப்பந்தம் இன்னொன்றை இழுத்துச் செல்லும் வேகத்தை அமெரிக்க விமானிகளிடம் பார்க்கலாம். 2023 மார்ச்சில் டெல்டா விமானிகள் நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வை ஏற்றார்கள். போட்டிக் கம்பெனிகளான யுனைடெடோ அமெரிக்கனோ இதைத் தாண்டினால் அவர்களைவிட ஒரு சதவீதம் கூடுதல் என்று ஒரு பிரிவையும் எழுதி வாங்கினார்கள். அமெரிக்கன் விமானிகளின் உடன்பாடு வாக்கெடுப்புக்குத் தயாராக இருந்தபோது, ஜூலையில் யுனைடெட் அதைவிட நல்ல தொகைக்கு ஒத்துக்கொண்டது. அமெரிக்கன் நிர்வாகம் மறுபடி மேசைக்கு வந்து தொகையைக் கூட்டிய பிறகே ஆகஸ்டில் கையெழுத்தாயிற்று. இத்தனைக்கும் அந்த விமானிகள் கம்பெனி விட்டுக் கம்பெனி தாவுகிறவர்கள் அல்ல. தாவினால் பணிமூப்புப் பட்டியலின் அடியில் போய் நிற்க வேண்டும். ஆள் நகராமலே கூலி நகர்ந்தது.

நம் மலையிலும் ஆள் நகர முடியாது. மூணாறிலோ நெல்லியாம்பதியிலோ தேயிலைத் தோட்டத்தை விட்டால், தோட்டம் தந்த குடியிருப்பான லயத்தையும் விட வேண்டும். விமானிக்குப் பணிமூப்பு எதுவோ, கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு லயத்து அறை அது. இரண்டும் ஒன்றா என்று யாராவது சிரிக்கக்கூடும், வருமானத்தில் ஒன்றல்லதான். ஆனால் வெளியேற முடியாதவருக்கு ஒப்பிட்டுக் கேட்பதுதான் மிஞ்சும் ஆயுதம் என்பதில் இருவரும் ஒன்று.

2015 செப்டம்பரில் மூணாறு பெண்கள் அந்த ஆயுதத்தை எடுத்தார்கள். கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் முந்தைய ஆண்டு 19 சதவீதம் கொடுத்த போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, பின்னர் பெம்பிளை ஒருமை என்று பேரெடுத்த பெண்கள் ஒன்பது நாள் சாலையில் அமர்ந்தார்கள். கிடைத்தது 20 சதவீதம். அதைப் பிரித்த விதத்தை இத்தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67. முதலாவது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். இரண்டாவதற்குக் ‘கருணை’ என்று பெயர். கைக்கு வருகிற பணம் ஒன்றுதான். ஆனால் கருணையை அடுத்த தோட்டம் முன்னுதாரணமாகக் காட்ட முடியாது, அடுத்த ஆண்டும் காட்ட முடியாது. ஒப்பந்தம் பரவாமல் இருக்கப் போட்ட வேலி அது என்றே எமக்குத் தோன்றுகிறது. நன்றாகப் போட்ட வேலி.

போனஸ் கம்பெனிக்குக் கம்பெனி பேசப்படுவது. தினக்கூலி அப்படியல்ல, அரசும் உரிமையாளர்களும் சங்கங்களும் அமரும் பிளான்டேஷன் லேபர் கமிட்டியில் கேரள மாநிலம் முழுமைக்கும் ஒரே தொகையாக முடிவாகிறது. பெண்கள் கேட்டது 500 ரூபாய். அக்டோபர் 14 அன்று தேயிலைக்கு 232 ரூபாய் 301 ஆயிற்று. ரப்பருக்கு 381, ஏலத்துக்கு 330. மூணாறு கேட்டதன் பலன் நெல்லியாம்பதிக்கும் போனது, வயநாட்டுக்கும் போனது. அமெரிக்காவில் போட்டி செய்த வேலையை இங்கே ஒரே மேசை செய்தது.

செய்தித்தாள்கள் 301-ஐத் தலைப்பாக்கின. அதே உடன்பாட்டில் ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆனது உள்ளே எங்கோ இருந்தது. கணக்குப் போடுவோம். 232 ரூபாய்க்கு 21 கிலோ என்றால் கிலோ ஏறத்தாழ 11 ரூபாய் 5 காசு. 301 ரூபாய்க்கு 25 கிலோ என்றால் 12 ரூபாய் 4 காசு. தினக்கூலி ஏறக்குறைய 30 சதவீதம் ஏறியது; கிலோவுக்கு ஏறியது 9 சதவீதம். தவிர, நிர்ணய அளவுக்கு மேல் எடுக்கும் கிலோவுக்குத் தனிக் காசு உண்டு. நிர்ணயம் நான்கு கிலோ ஏறினால், நேற்றுவரை தனிக் காசு வாங்கித் தந்த நான்கு கிலோ இன்று நாள்கூலிக்குள் போய்விடுகிறது. கொழுந்து தழைத்த மாதத்தில் இது தெரியாது. பனிக்காலத்தில், தராசின் முன்னால் தெரியும்.

இதைச் சொல்வது அந்த உடன்பாட்டைக் குறைத்துப் பேச அல்ல. ஒப்பந்தங்கள் பரவும்போது ரூபாய் வேகமாகப் பரவுகிறது, கிலோ பின்னால் ஓசையில்லாமல் வருகிறது. இலங்கை மலையகத்திலும் இதுவே நடந்தது. பல ஆண்டு கேட்ட 1,000 ரூபாயை 2021 மார்ச்சில் சம்பளச் சபை நிர்ணயித்தது. கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பிறகு சண்டை முழுவதும் நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்பதில் வந்து நின்றது. விமானிகளும் தப்பவில்லை. 2023 ஏப்ரலில் ஏர் இந்தியா நீட்டிய புதிய ஒப்பந்தத்தை அங்கிருந்த இரு விமானிகள் சங்கங்களும் மறுத்ததற்கு ஒரு காரணம், பறந்தாலும் பறக்காவிட்டாலும் கொடுத்துவந்த 70 மணி நேரப் படி அதில் 40 மணி நேரம் ஆனது. மணிக்கு எவ்வளவு என்று மட்டும் படிக்கிறவருக்கு அது கண்ணில் படாது.

இன்னொன்று, எல்லை. வால்பாறைத் தோட்டங்களும் மூணாறும் ஒரே ஆனைமலைத் தொடர். இரு பக்கமும் கொழுந்தெடுப்பவர்கள் பேசுவது பெரும்பாலும் தமிழ். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள். ஆனால் மேசை இரண்டு. திருவனந்தபுரத்தில் முடிவான தொகை வால்பாறையில் பேச்சுக்கு உதவும், சட்டத்துக்கு உதவாது. இரண்டு மாநிலச் சங்கங்களும் ஒரே மாதத்தில் ஒப்பந்தம் முடியும்படி தேதி வைத்திருந்தால் கதை வேறாக இருக்கும். அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கம் 2023-ல் மூன்று பெரிய கார் கம்பெனிகளுடனும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் முடிய 2028 ஏப்ரல் 30 என்ற ஒரே தேதியைத்தான் வைத்திருக்கிறது. இங்கே அது கோரிக்கைப் பட்டியலில்கூட ஏறவில்லை. ஏன் என்று சங்க நண்பர்களைத்தான் கேட்க வேண்டும்.

எல்லையைத் தினமும் தாண்டுகிறவர்களும் உண்டு. போடி, கம்பம், தேவாரம் பக்கத்திலிருந்து ஜீப்பில் நெருக்கி ஏறி, போடிமெட்டும் கம்பம்மெட்டும் வழியாக இடுக்கி ஏலக்காட்டுக்குப் போகும் பெண்கள். அவர்களை லயம் கட்டிவைக்கவில்லை. ஆள் பற்றாக்குறை நாளில் எந்த எஸ்டேட் ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்கிறதோ அங்கே ஜீப் திரும்பும். அங்கே ஒப்பந்தம் பார்த்து ஒப்பந்தம் வருவதில்லை. ஜீப்பைப் பார்த்துக் கூலி வருகிறது. கூடவே, ஜீப் வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியும் வருகிறது. அதுவும் ஒருவகைக் கிலோதான்.

அடுத்த இதழிலிருந்து எமது கூலி அட்டவணையில் தினத்தொகைக்குப் பக்கத்தில் நிர்ணயக் கிலோவுக்கும், கூடுதல் கிலோக் காசுக்கும், பயணச் செலவுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஒப்பந்த நகல் அனுப்பும் வாசகர்கள் முதல் இரண்டு பக்கத்தோடு நிறுத்திவிடாமல் பின்னிணைப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டுகிறோம். கிலோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, கையெழுத்துகளுக்குக் கீழே.