ஊசி வேண்டும், உறுக்கல் வேண்டாம்

நோய் தடுக்கும் ஊசியை நாம் வரவேற்கிறோம். அவ்வூசியைக் காட்டி மக்களை உறுக்கும் ஆட்சிமுறையை எதிர்க்கிறோம். இவை ஒன்றுக்கொன்று முரண் என்பார் உளர். முரண் ஏதுமில்லை; முதலாவதில் பற்றுடையவர் எவரும் இரண்டாவதையும் ஏற்றேயாக வேண்டும் என்பதே நம் வாதம்.

கொவிட் பெருந்தொற்று இத்தீவில் 16,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அந்நாட்கள் கடந்துவிட்டன. ஆயினும் அன்று எழுந்த கேள்வி இன்றும் தீரவில்லை. ஊசி ஏற்றாதவனைச் சந்தையினின்றும் பஸ்ஸினின்றும் காரியாலயத்தினின்றும் தள்ளிவைக்க அரசுக்கு உரிமை உண்டா? கையில் அட்டை இருந்தால்தான் ஒருவன் குடிமகனா? "அறியாத சனத்தைக் கட்டாயப்படுத்தாமல் காரியம் ஆகாது" என்று கூறும் உத்தியோகத்தர்களை நாம் அறிவோம். "ஊசியே ஒரு சதி" என்று கூறுவோரையும் அறிவோம். இரு சாராரும் பிழைபட்டவர்களே. அடுத்த கொள்ளைநோய் வருமுன் இவ்வழக்கை நாம் தீர்த்துக்கொள்ள வேண்டும். நோய் வந்த பின் வாதாட நேரமிராது. அப்பொழுது வர்த்தமானி ஒன்றே பேசும்.

நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். 2021 ஜனவரி 29ஆந் திகதி, இந்தியா அன்பளித்த 5 இலட்சம் ஊசிகளுடன் இந்நாட்டில் கொவிட் தடுப்பூசிப் பணி தொடங்கிற்று. சிறிது காலத்துள் இந்திய ஏற்றுமதி நின்றது. முதலாவது ஊசியை ஏற்றியோருள் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இரண்டாவதற்காக மாதக்கணக்கிற் காத்திருந்தனர். ஜூலை முடிவில் யப்பான் அனுப்பிய மருந்து வந்த பின்னரே அவர்கள் குறை தீர்ந்தது. மருந்தைத் தேடி மக்கள் அலைந்தார்களேயன்றி, மக்களைத் தேடி மருந்து வந்து அவர்கள் மறுத்தார்களல்லர்.

இவ்வாறிருக்க, 2021 ஆகஸ்டில் ஓர் அறிவித்தல் வந்தது. செப்டெம்பர் 15ஆந் திகதி முதல் இரு ஊசிகளும் ஏற்றிய அட்டையின்றிப் பொது இடங்களுக்குச் செல்லலாகாது என்பதே அது. அறிவித்தவர் வைத்தியரல்லர், கொவிட் தடுப்புச் செயற்பாட்டு மையத்தின் தலைமைப் பதவியிலிருந்த இராணுவத் தளபதி! இருபது வயது கடந்த இளைஞர்க்கு நாட்டின் பல பாகங்களிலும் முதல் ஊசி கிடைக்கத் தொடங்கியதே அந்தச் செப்டெம்பரில்தான். இரண்டு ஊசிகளுக்கிடையே வாரக்கணக்கில் இடைவெளி வேண்டும். அங்ஙனமாயின், அரசு தானே கொடாத ஊசியை ஏற்றவில்லை என்று அவ்விளைஞரைத் தெருவினின்று தடுப்பது எந்த நியாயத்தின்பாற்படும்? அறிவித்தோர்க்கே விடை தெரியாமையால் அத்திகதி வந்தது, சென்றது, அட்டையைக் கேட்பார் இல்லை.

அத்துடன் முடிந்ததா? 2022ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் சுகாதார அமைச்சு வர்த்தமானியையே வெளியிட்டது. ஏப்ரல் 30 முதல் ஊசிகளை முழுமையாக ஏற்றாதோர் பொது இடங்களுட் புகலாகாதென்றது அவ்விதி. அந்த ஏப்ரல் வந்தபோது நாடு இருந்த நிலை என்ன? 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று அரசே கைவிரித்தது. எரிவாயுவுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, டீசலுக்கு ஒரு வரிசை. வைத்தியசாலைகளில் மருந்தில்லை. மருந்து கொடுக்க வகையற்ற அரசு, மக்களிடம் மருந்தேற்றிய அட்டையைக் கேட்க நின்றது! வரிசைகளின் இரைச்சலில் அப்பேச்சு அமிழ்ந்து போயிற்று.

இனி நாம் கேட்கிறோம்: அட்டைச் சட்டம் காலூன்றாமற் போனதால் மக்கள் ஊசி ஏற்றாதிருந்தனரா? 2021ஆம் ஆண்டு முடியுமுன்பே ஒரு கோடி 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இரு ஊசிகளையும் ஏற்றிவிட்டனர். வெயிலிலும் மழையிலும் பாடசாலை வளவுகளிலும் வைத்தியசாலை வாயில்களிலும் நின்று அவர்கள் ஏற்றினர். அறியாத சனம் என்று எவரை ஏளனம் செய்தார்களோ, அந்தச் சனமே உலகின் செல்வ நாடுகள் சிலவற்றுக்கும் மேலாக இக்கடமையைச் செய்தது. கட்டாயத்தின் அவசியம் எங்கே நிரூபணமாயிற்று?

வரிப்பத்தான்சேனையிலும் இறக்காமத்திலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் வாழும் நமக்கு இவ்விடயத்தில் வேறொரு கணக்கும் உண்டு. அட்டையைக் கட்டாயமாக்கச் சுகாதார அமைச்சு கையிலெடுத்த சட்டம் எது? 1897ஆம் ஆண்டில் வெள்ளையர் இயற்றிய தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதே சட்டத்தின் பெயரால்தான் 2020 ஏப்ரல் 11ஆந் திகதி, கொவிட் நோயால் இறந்தோரின் உடல்கள் யாவும் எரிக்கப்பட வேண்டுமென்று வர்த்தமானி பிறந்தது. அடக்கஞ் செய்வதிலும் தவறில்லையென்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே கூறியிருந்தது. கூறியும் என்ன? ஜனாஸாக்கள் எரிந்தன. பிறந்து இருபதே நாளான பச்சிளங் குழந்தையின் உடலும் எரிந்தது. 2021 மார்ச் 5 முதலே ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கிற்று. அதுவும் சொந்த ஊர் மையவாடியிலன்று, மட்டக்களப்பையும் கடந்த தொலைதூரத்தில். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. சாம்பலுக்கு மன்னிப்பு என்ன செய்யும்?

அக்கொடுமை நோய்த்தடுப்புக்கே செய்த கேட்டையும் எண்ணிப் பாருங்கள். இறந்தால் எரிப்பார்கள் என்ற அச்சத்தால் நோயாளர் வைத்தியசாலைக்குச் செல்லவே தயங்கினர். காய்ச்சலை மறைத்தனர். நோயை வெல்லவென்று வந்த விதி நோயை வீட்டுக்குள் ஒளித்தது. கட்டாயத்தின் இயல்பு இதுவே.

விவசாயிகளுக்கு இன்னுமொரு சான்று வேண்டுமோ? 2021 மே மாதத்தில் இன்னொரு வர்த்தமானி இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் ஒரே இரவில் தடை செய்தது. கமநல சேவை நிலையத்தையோ, வட்டை விதானையையோ, வயலில் இறங்கிய எவரையுமோ கேட்டறிந்து செய்த காரியமா அது? பயிர் மஞ்சளித்த பிறகு நவம்பரில் தடையை நீக்கினர். பெரும்போகம் அதற்குள் பாழாகிவிட்டது. நஞ்சற்ற உணவு நல்ல நோக்கமே. நோய்த்தடுப்பும் நல்ல நோக்கமே. நல்ல நோக்கத்தைக் கெட்ட வழியால் அடைய முயன்றால் நோக்கமே பழிக்குள்ளாகும் என்பதை நம் வயல்கள் நமக்குக் கற்பித்தன.

"அயலவனுக்கு நோயைப் பரப்ப எவனுக்கும் உரிமையில்லையே?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. பெரியம்மைக் காலத்தில் இலங்கையிலும் இங்கிலாந்திலும் அம்மைப்பால் கட்டாயமாக்கப்பட்டது. 1905இல் அமெரிக்க உயர் நீதிமன்றமும், அம்மைப்பால் ஏற்ற மறுத்தவர்க்கு விதித்த 5 டொலர் தண்டத்தைச் சரியென்றது. அரசுக்கு அதிகாரமே இல்லையென்று நாமும் கூறவில்லை. ஆனால், இங்கிலாந்தில் தண்டமும் சிறையும் கண்ட பலன் யாது? 1885இல் லெஸ்டர் நகரில் பெருந்திரளானோர் எதிர்த்து ஊர்வலஞ் சென்றனர்; 1898இல் மனச்சான்றின் பேரில் மறுப்பதற்கு அச்சட்டமே இடங்கொடுக்க நேர்ந்தது. பெரியம்மை உலகினின்று ஒழிந்தது, நோயாளியை வீடு வீடாகத் தேடி, அவரைச் சூழ்ந்தோர்க்கு ஊசியிட்ட தொண்டர்களின் உழைப்பாலன்றோ?

மேலும், கொவிட் ஊசியின் தன்மை வேறு. கடும் நோயினின்றும் சாவினின்றும் அது மனிதரைக் காத்தது. அது அதன் பெருமை. தொற்றுவதை அது முற்றாகத் தடுக்கவில்லை. 2021 முடிவில் ஒமிக்ரோன் வந்தபின் அந்தத் தடை மேலும் தளர்ந்தது. ஊசி ஏற்றியவரும் தொற்றினர், பரப்பினர். அங்ஙனமாயின் வாயிலில் அட்டை கேட்டு எவரை எவரிடமிருந்து காத்தீர்கள்? இந்திய உயர் நீதிமன்றம் 2022 மே 2ஆந் திகதி அளித்த தீர்ப்பு இதையே எடைபோட்டது. ஒருவர் உடல் அவருடையது. அவரை ஊசி ஏற்றக் கட்டாயப்படுத்த முடியாது. பொதுநலன் கருதிய கட்டுப்பாடும் ஆபத்தின் அளவுக்குத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்றது அது. ஊசித் திட்டத்தையும் அந்நீதிமன்றம் குறை கூறவில்லை என்பதை ஊசியைப் பழிப்போர் மறக்கலாகாது.

எல்லை கடக்கும் பயணத்துக்குக் கேட்கும் சான்று வேறு வகை. ஹஜ்ஜுக்குச் செல்வோர் மூளைக்காய்ச்சல் ஊசியை ஏற்றிச் சான்றிதழ் காட்டுகின்றனர், எவரும் முறையிடுவதில்லை. குறித்த ஆபத்து, குறித்த பயணம், முன்கூட்டியே அறிந்த விதி, எல்லோர்க்கும் ஒரே நீதி. கொவிட் காலத்துக் கடவுச்சீட்டில் இந்நீதி இருந்ததா? இலங்கை மக்களிற் பெரும்பாலோர்க்கு அரசு கொடுத்தது சீனத்துச் சினோபாம். 2021இல் சவூதி அரேபியா முதலில் வெளியிட்ட பட்டியலில் அதற்கு இடமில்லை. பின்னரும் வேறோர் ஊசியை மேலதிகமாக ஏற்றினாலன்றி அது செல்லவில்லை. கொடுத்ததை ஏற்றிய தொழிலாளி செய்த குற்றம் என்ன? அதே ஆண்டு பெப்ரவரியிலேயே, பயணத்துக்கு ஊசிச் சான்றைக் கட்டாயமாக்க வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் கூறியது. செல்வ நாடுகளின் செவியில் அது ஏறவில்லை.

இனி ஊசியே சதியென்போர்க்கு ஒரு வார்த்தை. இந்நாட்டில் இளம்பிள்ளைவாதம் 1993க்குப் பின் எந்தக் குழந்தையையும் முடமாக்கவில்லை. 2019இல் சின்னமுத்து ஒழிந்த நாடென்ற சான்றும் கிடைத்தது. இவை எதனாலாயின? நீங்கள் பழிக்கும் ஊசியாலும் சொட்டு மருந்தாலுமே ஆயின. போர்க்காலத்திலும் சொட்டு மருந்து நாளுக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்ததுண்டு. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் புகவும் வேண்டாம், அவ்வூரை விட்டு வெளியேறவும் வேண்டாம் என்ற நபிபோதனையை அறிந்த சமூகம், கைத்தொலைபேசியில் வரும் வதந்தியை வேதமாகக் கொள்ளலாமா? எரித்த அரசின்மீது கொண்ட கோபத்தை ஊசிமீது காட்டினால் இழப்பு அரசுக்கன்று, நம் பிள்ளைகளுக்கே.

அந்த வெற்றிகளைத் தந்தவர் யார்? துவிச்சக்கர வண்டியில் ஒழுங்கை ஒழுங்கையாக வந்த மருத்துவமாது. தாயின் பெயரை அறிந்தவள், பிள்ளையின் நிறையை அறிந்தவள், ஊசி தவறினால் வீட்டுக்கே வந்து "ஏன் மகள் வரல்ல?" என்று கேட்பவள். அவள் அட்டை கேட்டு எவரையும் தெருவில் மறித்ததில்லை. அவள் பையிலுள்ள அட்டை பிள்ளையின் நலத்துக்கு. அரசு கேட்ட அட்டை தெருவின் வாயிலுக்கு. முன்னதை மக்கள் பெட்டியில் வைத்துப் பேணினர். பின்னதை ஐயத்தோடு பார்த்தனர். மக்களின் நம்பிக்கையே பொதுச் சுகாதாரத்தின் முதல் மருந்து. அதனை வர்த்தமானியால் உற்பத்தி செய்ய முடியாது. ஒரே வர்த்தமானியால் அழிக்க முடியும்.

ஆகவே நாம் கேட்பன இவை. 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் திருத்தப்படல் வேண்டும். அதன்கீழ் உடலையோ நடமாட்டத்தையோ தொடும் எவ்விதியும் கால எல்லையோடு பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படல் வேண்டும். அவ்விதிக்கு ஆதாரமான நிபுணர் காரணங்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே நாளில் வெளியாதல் வேண்டும். மருந்தை ஊர்வாயிலுக்குக் கொண்டுவந்து, வயலில் நிற்பவனுக்கும் நேரம் வகுத்துக் கொடுத்து, ஐயத்துக்கு விடை கூறி முடித்த பின்னரே கட்டாயம் என்ற சொல் எழ வேண்டும். எழுந்தாலும் ஆபத்தின் அளவை அது மீறலாகாது. ஊசியால் எவரேனும் தீங்குற்றால், அவரை நீதிமன்றப் படிகளில் ஏறவிடாமல் நட்டஈடு வழங்கப்படல் வேண்டும். கட்டாயப்படுத்தும் அதிகாரத்தைக் கேட்பவர், விளைவைத் தாங்கும் பொறுப்பையும் ஏற்கட்டும்.

வைத்தியர்களும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் இக்கோரிக்கைக்குக் குரல் கொடுக்க வேண்டும். விதியை எழுதுவோரின் மேசைக்கு அண்மையில் இருப்போர் அவர்களே. விவசாயிகள் தத்தம் கமக்காரர் அமைப்புகளில் இதைப் பேசட்டும். பள்ளிவாசல்களும் கோயில்களும் பேசட்டும். வெள்ளம் வந்தபின் அணை கட்டுவோர் எவருமில்லர். நோயில்லாத இந்நாட்களே சட்டத்தைச் செப்பனிடும் நாட்கள்.

ஊசியைக் கொண்டுவாருங்கள்; கையை நீட்டுவோம். உறுக்கலைக் கொண்டுவந்தால் கேள்வி கேட்போம். கேள்விக்கு விடை கூறும் அரசுக்கு அட்டை தேவைப்படாது.